கேம்பர் வேனில் சப்வூஃபரை எங்கே வைத்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் முதலில் வைத்தது பின்பக்கக் கட்டிலுக்கு அடியில். யோசித்து வைத்தேன் என்று சொல்ல முடியாது. காலி இடம் அங்கேதான் இருந்தது. 10 அங்குல சப் (பேஸ் எனும் அடித்தொனியை மட்டும் பாடும் ஸ்பீக்கர்), மூடிய பெட்டி, சக்கர வளைவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள மூலை.

அன்று இரவு கட்டிலில் படுத்துப் பாட்டுப் போட்டால் வயிறே அதிர்ந்தது. பரம சந்தோஷம். மறுநாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்டால், பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் 'பூம்' என்று எழுந்தது, மற்றவை எங்கோ போய்விட்டன. நடுவில் மேசையருகே உட்கார்ந்தால் சப் இருப்பதே தெரியவில்லை. பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒயரையெல்லாம் பிடுங்கி மாட்டினேன். சப்பின் சத்தத்தைக் கூட்டும் கெயினை ஏற்றினேன். மேசையருகே லேசாகக் கேட்டது. கட்டிலில் படுத்திருந்த மனைவிக்குத் தலைவலி வந்தது.

அப்புறம்தான் அளவு டேப்பை எடுத்தேன். முன்கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை 4.3 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஆக 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். என் வேன் அதில் சரிபாதி. இப்படிப் பொருந்தினால் அந்த அலை வேனின் இரண்டு முனையிலும் உப்பி நிற்கும், நடுவில் செத்துவிடும். நான் சப்பை வைத்ததோ முனையில், அதுவும் மூலையில். அந்த அலையை அதிகமாகக் கிளப்புகிற இடம் அதுதான்.

பழைய வித்தை ஒன்று உண்டு. சப்பை நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து காதால் இடம் தேடுவது. எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்தால், உட்காரும் இடத்தில் அதே ஒலி கிடைக்கும். மேசை பெஞ்சில் சப்பை ஏற்றி, மெதுவாக ஏறி இறங்கும் பேஸ் வரி ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தவழ்ந்தேன். வேன் கதவை மூடிவிட்டுச் செய்யுங்கள், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தப்பாக நினைப்பார்கள். ஒன்று கவனம்: சத்தம் அதிகமுள்ள இடத்தைத் தேடக் கூடாது. எல்லாச் சுரமும் ஒரே அளவில் வருகிற இடம்தான் வேண்டும். எனக்கு அது பக்கவாட்டுக் கதவை ஒட்டிய அலமாரியின் கால்மாட்டில் கிடைத்தது, கிட்டத்தட்ட வேனின் நடு. கட்டிலில் பழைய அதிர்வு இல்லை. ஆனால் மூன்று இடத்திலும் பாட்டு ஒரே பாட்டாகக் கேட்கிறது.

உங்கள் கதை என்ன?

* * *

நான் இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டையான 8 அங்குல சப் வாங்கினேன், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் உள்ளேயே இருக்கும் வகை. பயணி இருக்கைக்குக் கீழே அளவெடுத்தது போல நுழைந்தது. நீண்ட பயணங்களில் ஒரு மணி நேரம் கழித்து அதுவாக நின்றுவிடும், வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தால் மறுபடி பாடும். ஆம்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு மாதம் போனது. ஒரு நாள் கையைவிட்டுப் பார்த்தால் தோசைக்கல் மாதிரிச் சுடுகிறது. சுற்றிலும் கார்பெட், பக்கத்திலேயே டீசல் ஹீட்டரின் சூடான காற்றுக் குழாய். வெப்பம் போக வழியே இல்லை. பெஞ்சின் கால்பக்கம் மாற்றினேன், பெட்டியைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விட்டேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை.

இருக்கையைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளும் வசதி இருப்பவர்கள், பெட்டியை வைத்துவிட்டு ஒருமுறை முழுச் சுற்றும் சுற்றிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. கீறல் இன்னும் இருக்கிறது.

* * *

எனக்குப் பிரச்சினை பேஸ் இல்லை, கடகடப்பு. சப்பைச் சமையல் அலமாரியோடு சேர்த்துத் திருகியிருந்தேன். கரண்டி டிராயர், தட்டு, கேஸ் அடுப்பின் கண்ணாடி மூடி எல்லாம் கூடவே பாடின. 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏறும் ஒற்றைத் தொனியைப் போட்டு, கடகடக்கும் ஒவ்வொன்றையும் கையால் அமுக்கி அமுக்கிக் கண்டுபிடித்தேன். ஃபெல்ட் டேப் ஒரு சுருள் முழுக்கத் தீர்ந்தது. ஆனாலும் பெட்டியை அலமாரியிலிருந்து பிரித்துத் தரையில் போல்ட் போட்ட பிறகுதான் பாதிச் சத்தம் அடங்கியது. எப்படியும் அதைத் தரையோடு பிணைத்தே ஆகவேண்டும்; திடீரென்று பிரேக் போட்டால் அந்தக் கனம் நம் முதுகுக்குத்தான் வரும்.

துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நான் போட்ட இரண்டாவது துளை நேரே கழிவுநீர்த் தொட்டிக்குள் போனது. டீசல் தொட்டியாக இருந்திருந்தால்?

* * *

கேஸ் சிலிண்டர் அலமாரியில் பாதி இடம் சும்மா கிடக்கிறது, அங்கே வைக்கலாமா?

* * *

கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி வெளியேறத்தான் அந்த அலமாரியின் தரையில் துவாரம் வைத்திருக்கிறார்கள். அதைப் பெட்டியால் அடைக்கவும் வேண்டாம், மின் இணைப்பு எதையும் உள்ளே கொண்டுபோகவும் வேண்டாம். அதோடு ஒன்று, எங்கே வைத்தாலும் சப்புக்குத் தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் சப்பின் அருகே இருந்தால் நடுவில் உரசித் தேயும் ஒயரை அது காப்பாற்றாது.

* * *

தொடங்கியவன் மறுபடி. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இடம் மாற்றிய பிறகும் ஓட்டுநர் இருக்கையில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி அமுங்கி ஒரு பள்ளம் இருந்தது. கதவு ஸ்பீக்கரும் சப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. ஆம்பில், சப்பின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0-விலிருந்து 180-க்குத் தள்ளினேன், பள்ளம் நிரம்பிவிட்டது. ஒரு நொடி வேலை, அதற்கு முன்னால் ஒரு வாரம் புலம்பியிருக்கிறேன்.

கட்டிலுக்கு அடியில் இப்போது மடக்கு நாற்காலிகள். நேற்றிரவு பார்த்தால் அவையும் கடகடக்கின்றன. அந்த ஃபெல்ட் டேப் எந்த அகலம் வாங்கினீர்கள்?