அடகுக் கடைக் கிழவியும் அம்மாவின் சங்கிலியும்

தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை நான் முதல்முறை படித்தது ஐப்பசி மழையில், பாபநாசம் பக்கம் எங்கள் ஊர் வீட்டில். எம்.ஏ.சுசீலா தமிழில் தந்தது, நல்ல கனமான புத்தகம். அம்மாவின் சங்கிலி அப்போது அடகில் இருந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான், சம்பா நடவுக்கு வைப்போம், தையில் நெல் போட்டுக் காசு வந்ததும் திருப்புவோம்.

அதனாலோ என்னவோ முதல் அத்தியாயமே பிடித்து இழுத்துவிட்டது. காசில்லாமல் படிப்பை விட்ட மாணவன் ரஸ்கோல்னிகோவ் தன் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தை நீட்டி 4 ரூபிள் கேட்கிறான். அடகுக் கிழவி ஒன்றரைக்கு மேல் தரமாட்டேன் என்கிறாள். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி (100 கோபெக் ஒரு ரூபிள்), அதையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, பழைய அடகின் வட்டியையும் சேர்த்துக் கழித்து, 1 ரூபிள் 15 கோபெக்கைக் கையில் வைக்கிறாள். அச்சு அசல் நம்மூர் பத்து வட்டி! 1866-ல் ரஷ்யாவில் வந்த கதையில் எங்கள் கடைத்தெருக் கணக்கைப் படித்ததும் கிழவி மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அவளைக் கொல்லக் கொண்டுபோகும் கோடரியைத் தொங்கவிட அவன் கோட்டுக்கு உள்ளே துணி வளையம் தைக்கும்போது, உண்மையைச் சொல்கிறேன், நான் அவன் பக்கம்தான் இருந்தேன்.

போலி அடகுப் பொருளைக் காகிதத்தில் சுற்றி, சீக்கிரம் அவிழ்க்க முடியாதபடி நூலால் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோகிறான். அவள் வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி முடிச்சோடு மல்லுக்கட்டுகிறாள், அவன் கோடரியின் பின்பக்கத்தால் அடிக்கிறான். இதுவரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் லிஸவெத்தா வந்துவிடுகிறாள், கிழவியின் தங்கை, வரக்கூடாத நேரத்தில். கத்தவில்லை, முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை, இடது கையை மட்டும் மெதுவாக நீட்டுகிறாள். புத்தகத்தை மூடிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் மறுபடி எடுத்தால், வெளியே ஆள் வந்து கதவை இழுக்கிறான், உள்ளே கொக்கி ஆடுகிறது, அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்! லிஸவெத்தாவின் உடம்பு அதே வீட்டுக்குள் கிடக்கிறது. என்னை இப்படி ஆக்கிய புத்தகம் வேறில்லை.

ஆறு பாகத்தில் முதல் பாகத்திலேயே கொலை முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க அவன் மண்டைக்குள்தான். கொள்ளையடித்ததை எண்ணிப் பார்க்காமல், பர்ஸைத் திறக்கக்கூட இல்லாமல் ஒரு கல்லுக்கு அடியில் புதைக்கிறான். விசாரணை அதிகாரி போர்ஃபிரி பேசப் பேச எனக்கே வேர்த்தது. எல்லாவற்றையும் விட, வேலைக்காரி நஸ்தாஸ்யா போகிறபோக்கில் சொல்லும் ஒரு வரி: லிஸவெத்தா உனக்குக்கூட ஒரு சட்டை தைத்துச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறாளே என்று. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. முடிவைச் சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் இருப்பீர்கள்.

தையில் சங்கிலியைத் திருப்பப் போனோம். கடைக்காரப் பெரியவர் உள்ளேயிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்துவந்து, வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி, நூல் முடிச்சை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். நரைத்த பின்கழுத்து எனக்கு நேராகத் தெரிந்தது. "கொடுங்க ஐயா, நான் அவிழ்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.