பழைய காமிக்ஸ கையில எடுத்துப் பாத்தும் கோட்டை விட்ட கதை, உங்களுக்கும் நடந்திருந்தா சொல்லுங்க

பழைய_பேப்பர்காரன், நியூஜெர்சி

ஹல்க் 181 பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. 1974, வுல்வரின் முழுசா வர்ற மொத புக். கிரேடு போட்டு டப்பால சீல் வச்ச ஸ்லாப்ல வாங்க கட்டுப்படியாகாம, சீல் இல்லாத ரா காப்பியா தேடிட்டே இருந்தேன், போன வருஷம் இங்க ஒரு ஹோட்டல் ஹால்ல நடந்த ஷோல ஓரத்து டேபிள்ல ஒரு அமெரிக்கப் பெரியவர் வச்சிருந்தார். மைலார் கவர்ல இருந்து அவரே எடுத்துக் குடுத்தார். ஸ்பைன், அதான் முதுகு மடிப்பு, பாத்தேன், மூலை பாத்தேன், ஸ்டேப்பிள் துரு இல்ல, நடு ஷீட் ரெண்டு பின்லயும் கெட்டியா நிக்குது. பின்னாடி நாலு பேர், அதுல ஒருத்தன் நீ வச்சா நான் தூக்கிருவேங்கற மாதிரி தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டே நிக்கிறான். பெரியவர் சொல்றார், பதினோரு வயசுல எங்க ஊரு மருந்துக்கடைல 25 சென்ட் குடுத்து நானே வாங்குனது, வேற யார் கைக்கும் போனதில்ல, எல்லாம் இருக்குன்னு. அதக் கேட்டப்புறம் ஒவ்வொரு பக்கமா புரட்ட எனக்கு கூச்சமா போச்சுங்க. 1,900 டாலர் கேஷா எண்ணிக் குடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஷூ கூட கழட்டல. லெட்டர்ஸ் பக்கத்த திருப்புறேன், ஓட்டை. சின்ன செவ்வகம். அது வழியா அடுத்த பக்கத்து எழுத்து தெரியுது. மூணு பக்கம் கத்திரி நேரா போயிருக்கு, நாலாவது பக்கம் லேசா கோணிக்கிச்சு, சின்னப்பையன் நாக்கத் துருத்திக்கிட்டு வெட்டுவான்ல அந்த வெட்டு. அங்கதான் வெட்டி சேக்கச் சொல்லி மார்வெல் அச்சடிச்ச வேல்யூ ஸ்டாம்ப் இருக்கணும். அது இல்லாத 181 என்ன விலை போகும்னு உங்களுக்கே தெரியும்.

காசு போனது கூட ஆறிடுச்சு. வேற யார் கைக்கும் போகலன்னா அந்தக் கத்திரி அவரோடதுதான? மறந்துட்டாரா, இல்ல தெரிஞ்சேதான் எல்லாம் இருக்குன்னாரா? ராத்திரி தூக்கம் வரலன்னா இதுதான் ஓடுது மண்டைக்குள்ள.

மைலார்_மாமா, டல்லாஸ்

தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, 181 வாங்கப் போயி ஸ்டாம்ப் பாக்காம வந்தேங்கறது பொண்ணு பாக்கப் போயி பஜ்ஜிய மட்டும் பாத்துட்டு வந்த மாதிரி இருக்கு. எனக்கும் ஒண்ணு நடந்துச்சு, எக்ஸ்மென் 94, வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு ஷீட்டே இல்ல, மறுநாள் போயி திருப்பிக் குடுத்துட்டேன், முடிஞ்சுது.

இப்ப எல்லாருக்கும் சேத்து சொல்றேன் குறிச்சுக்கங்க. ரா புக்னா பக்கத்த எண்ணுங்க, கூச்சமெல்லாம் பாக்காதீங்க, எண்ண விடலன்னா அந்த டேபிள்ல வியாபாரமே வேண்டாம். சின்னதா ஒரு புறஊதா டார்ச் சாவிக்கொத்துல மாட்டி வச்சுக்கங்க, அட்டைல மார்க்கர் பூசியிருந்தா பல தடவ அந்த வெளிச்சத்துல காட்டிக் குடுத்துரும், உள்பக்கமும் திருப்பிப் பாருங்க, மை ஊறி வந்திருக்கும். ஓரம் கத்தி மாதிரி நேரா இருந்தா ட்ரிம் பண்ணிருக்கானானு சந்தேகப்படுங்க, இன்னொரு காப்பிய பக்கத்துல வச்சு அகலத்த ஒத்துப் பாருங்க. ஆன்லைன்ல பணம் அனுப்பும்போது பேபால்ல ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலில அனுப்பாதீங்க, நாலு டாலர் மிச்சம் பாக்கப்போயி நாலாயிரத்துக்கு பாதுகாப்பு இல்லாம போயிரும். ஆக்ஷன் ஹவுஸ்ல கேக்குறவங்க சுத்தியல் விலைக்கு மேல ஏலக்கம்பெனி போடுற கமிஷன், பையர்ஸ் ப்ரீமியத்த கூட்டிப் பாத்துட்டு கைய தூக்குங்க. இதெல்லாம் முடியாதுன்னா பேசாம ஸ்லாப் வாங்குங்க. சிஜிசிங்கற கிரேடிங் கம்பெனி 2000த்துல ஆரம்பிச்சதே இந்தத் தலவலிக்குத்தான். அரை புள்ளில இருந்து பத்து வரைக்கும் நம்பர், சுத்தமா நீல லேபிள், பட்டி பாத்திருந்தா ஊதா லேபிள், சீல் போட்ட டப்பா. மூணாவது மனுஷன் பாத்துச் சொல்லிட்டான், விக்கிறவன் மூஞ்சிய நாம பாக்க வேண்டியதில்ல.

ஒன்பது_புள்ளி_எட்டு, பே ஏரியா

மாமா கடைசி வரி படிச்சுட்டு சிரிப்பு வந்துச்சு. மூஞ்சி பாக்க வேண்டியதில்லன்னு நம்பித்தான் நானும் ஸ்பைடர்மேன் 300, 9.8 ஸ்லாப்ல வாங்குனேன். ரெண்டு வருஷம் ஷெல்ஃப்ல நின்னுச்சு, வர்றவங்களுக்கெல்லாம் காட்டிருக்கேன். 2023 கடைசில அந்த கேஸ் மாத்துற மோசடி வெளிய வந்துச்சுல்ல, நல்ல கிரேடு டப்பாக்குள்ள மட்டமான காப்பிய வச்சு, டப்பா உடைஞ்சிருச்சு புது டப்பா குடுங்கன்னு ரீஹோல்டருக்கு அனுப்பி புதுசா சீல் வாங்கி வித்த கதை, அது படிச்சப்புறம்தான் என்னோடத எடுத்தேன்.

ராத்திரி ஒரு மணி, எல்லாரும் தூங்குறாங்க, ஒரு கைல ஃபோன் டார்ச், லேப்டாப்ல லேபிள்ல இருக்குற சர்ட் நம்பர் போட்டு கம்பெனி சைட்ல இருந்த ஸ்கேன். ஸ்கேன்ல இருக்குற புக்ல அட்டை சரியா மடிஞ்சிருக்கு. என் புக்ல ஸ்பைன் ஓரமா பின்அட்டையோட வெள்ளை நூல் மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் எட்டிப் பாக்குது. பிரஸ்ல மடிச்சப்பவே வர்ற கோளாறு, அப்புறம் வந்து ஒட்டிக்காது. அதே நம்பர், அதே கிரேடு, வேற புக். டப்பா ஓரத்த சாய்ச்சுப் பாத்தா ஒரு மூலைல உப்புப் பூத்த மாதிரி லேசா வெளுப்பு, நெம்புன இடமா இருக்கும். ரெண்டு வருஷமா தினமும் அது முன்னாடிதான் உக்காந்து காபி குடிக்கிறேன் ஒரு நாள் கூட கண்ணுல படல ஏன்னா நான் புக்க பாக்கவே இல்ல, 9.8ங்கற நம்பரத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்.

வித்தவன் அக்கவுண்ட் இப்ப இல்ல. எந்தக் கம்பெனி டப்பான்னு போட மாட்டேன், கேக்காதீங்க.

மைலார்_மாமா, டல்லாஸ்

அது ஆயிரத்துல ஒண்ணு தம்பி. அதுக்காக ஈபேன்னாலே திருட்டுன்னு சொல்ல முடியுமா, 2014ல ஆக்ஷன் காமிக்ஸ் 1, 9.0 காப்பி அதே ஈபேலதான் 3.2 மில்லியன் டாலருக்கு போச்சு. அந்த நம்பர நம்பித்தான் அவ்ளோ பணம் போட்டாங்க.

ஒன்பது_புள்ளி_எட்டு, பே ஏரியா

மாமா நான் ஈபே பத்தி ஒரு வார்த்தை கூட எழுதல. மேல போயி படிங்க.

ஸ்கார்பரோ_பொடியன், டொரொண்டோ

அண்ணைமார் எல்லாரும் புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறியள், நான் விலையில அடிபட்டனான். 2021இல எல்லாருக்கும் ஒரு விசர் பிடிச்சது தெரியுந்தானே, லொக்டவுன் காசு, கிழமைக்குக் கிழமை விலை ஏறுது. நியூ மியூட்டன்ட்ஸ் 98, 9.8, டெட்பூல் முதல் வாறது. கடைக்காரர் நல்ல மனிசன் மாதிரித்தான் இருந்தவர். ரெண்டாயிரத்து இருநூறு கனேடியன் எண்டார். நான் கூடிப்போச்சு எண்டன். உடனே ஃபோனை எடுத்து, "இஞ்ச பார், போன கிழமை வித்த விலை" எண்டு எனக்கு நேர திருப்பிக் காட்டினவர். காட்டேக்க பெருவிரல் ஸ்கிரீன்ர கீழ்ப்பக்கத்தை மூடிக்கொண்டு நிண்டது. நான் நினைச்சன் ஃபோனைப் பிடிக்கிற பிடி அப்பிடி எண்டு.

வீட்ட வந்து அதே பக்கத்தைத் திறந்து பாத்தன். மேல இருந்த அந்த ஒரு விற்பனைதான் அந்த விலை. கீழ வரிசையா ஆறு ஏழு, எல்லாம் நானூறு ஐநூறு குறைவு. அந்த ஒண்டும் கோடு போட்டு வெட்டின விலை, பெஸ்ட் ஒஃபரில, அதாவது பேரம் பேசிப் போனது, உண்மையா என்ன காசுக்குப் போச்செண்டு அதில தெரியவே தெரியாது. பெருவிரலுக்குக் கீழ எல்லாம் இருந்திருக்கு.

2024இல டெட்பூலும் வுல்வரினும் சேந்து படம் வருகுது, அப்ப ஏறும், வச்சிரு எண்டு சினேகிதன் சொன்னான். வச்சிருந்தன். படம் நல்லா ஓடினது. என்ர புத்தகம் ஓடேல்ல. மாமா நீங்கள் திரும்ப வந்து தொண்ணூறு நாள் சராசரியைப் பார் எண்டு எழுதப் போறியள், தெரியும், எழுத வேண்டாம்.

மைலார்_மாமா, டல்லாஸ்

தொண்ணூறு நாள் சராசரி பாத்திருக்கணும் தம்பி. கோவிச்சுக்காதீங்க.

ஊதா_லேபிள், அட்லாண்டா

என் பேரப் பாத்தாலே என்ன கதைன்னு தெரிஞ்சிருக்கும். ஸ்பைடர்மேன் 28, 1964, கருப்பு அட்டை. கருப்புல ஒரு நகம் பட்டாலும் வெள்ளையா தெரியும், அதனால நல்ல காப்பி கெடைக்கிறது குதிரைக்கொம்பு. எங்க தமிழ்ச்சங்கத்துல ஒருத்தர், பதினஞ்சு வருஷப் பழக்கம், அண்ணன்னுதான் கூப்பிடுவேன், அவர் கலெக்ஷன குறைக்கிறேன்னு சொல்லி எனக்குக் குடுத்தார். வெளில குடுக்குறத விட உனக்கு இருநூறு கம்மின்னார். அண்ணன்கிட்ட போயி டார்ச் அடிச்சுப் பாக்க முடியுமா?

கிரேடிங்குக்கு அனுப்பி மாசக்கணக்கா காத்திருந்து பெட்டி வந்துச்சு, கத்திய வச்சு டேப்ப கிழிக்கிறேன், பபிள் ராப்புக்குள்ள இருந்தே ஊதா தெரியுது. லேபிள்ல சின்ன எழுத்துல அட்டைல கலர் டச் இருக்குன்னு போட்டிருக்கான். எவனோ எப்பவோ ஸ்பைன்ல கருப்பு மார்க்கரால நாலு புள்ளி வச்சிருக்கான். நாலே புள்ளி, அதுக்கு பாதி விலை கூட வராது.

அண்ணனுக்குத் தெரியுமா தெரியாதான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல. பொங்கலுக்கு அவங்க வீட்ல சாப்பிட்டுட்டுதான் வந்தேன்.

இத எதுக்கு எழுதுறேன்னா, வந்த வாரமே கட்டிங் ப்ளையர எடுத்து டப்பா மூலைல வச்சுட்டேன். உடைச்சு வெளிய எடுத்தா மறுபடி அது சாதாரண ரா புக். ஒரு ஷோல டேபிள் போட்டு, கேட்டா எனக்கென்ன தெரியும்னு சொல்லிடலாம். நானும் யாருக்கோ அண்ணன்தான. ப்ளையர அழுத்தல. ஆனா ட்ராயர்ல திருப்பி வைக்கவும் இல்ல, மேஜை மேலயேதான் கெடக்கு.

சிவகாசி_வாசகன், மதுரை

உங்க டாலர் கணக்கெல்லாம் படிச்சா தல சுத்துது சார். நம்ம ஊர்ல கிரேடாவது ஒண்ணாவது. வாட்ஸப் குரூப்ல "சூப்பர் கண்டிஷன்"னு போட்டா அட்டை இருக்குன்னு அர்த்தம். "நல்ல கண்டிஷன்"னா அட்டை இருந்துச்சு, இப்ப டேப்பு இருக்கு. "படிக்கும் நிலையில்"னா கரையான் போக மீதி. விலை மட்டும் இன்பாக்ஸ்ல வாங்கம்பாங்க.

முத்து காமிக்ஸ் ஆரம்பகால புக், இரும்புக்கை மாயாவி. 1972ல சிவகாசில இருந்து வந்தது, எங்க மாமா வீட்ல அடுக்கி வச்சிருந்து எடைக்குப் போட்டாங்க, அந்த வலிலதான் தேடுறேன். மறுபதிப்பு வாங்கி படிச்சாச்சு, ஆனா அந்தப் பழைய தாளு வேணும். ஒருத்தர் முன் அட்டை பின் அட்டை ஃபோட்டோ அனுப்புனார், தகதகன்னு இருந்துச்சு, ஜிபேல அனுப்பிட்டேன். எவ்ளோன்னு சொன்னா எங்க வீட்டம்மாவும் இத படிக்கும், வேண்டாம்.

கூரியர் பிரிச்சு கைல எடுத்ததும் மொதல்ல கண்ணுல பட்டது பின்னு. பளபளன்னு, நேத்து ஸ்டேஷனரி கடைல வாங்குன மாதிரி. உள்ள தாளெல்லாம் டீ டிகாஷன் கலரு, ஓரத்துல லெண்டிங் லைப்ரரி முத்திர, முதுகுல பைண்டிங் ஊசி போன மூணு ஓட்டை. அந்த ஓட்ட அட்டைல மட்டும் இல்ல சார். அட்டை கலர் ஜெராக்ஸ். எவனோ பைண்டிங்க பிரிச்சு, காணாமப் போன அட்டைக்கு பதிலா நல்ல தாள்ல பிரிண்ட் எடுத்து புது பின் அடிச்சிருக்கான். கேட்டா, உள்ள ஒரிஜினல்தான சார், அட்டையையா படிக்கப் போறீங்கங்கறார். அதுக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியல. படிச்சுத்தான் முடிச்சேன், வரி மாறாம அதே கதைதான்.

ஊதா அண்ணே, ப்ளையர மொதல்ல உள்ள வைங்க.

டைம்ஸ்டாம்ப், சிங்கப்பூர்

மொத போஸ்ட் போட்டவருக்கு ஒண்ணு: வெட்டி எடுத்த அந்த ஸ்டாம்ப் தனியாவே ஆன்லைன்ல விப்பாங்க, நிறைய பேர் வாங்கி ஓட்டைல பொருத்தி ஒட்டி முழு புக்குன்னு தள்ளுறாங்க. நீங்க அப்படி பண்ணிடாதீங்க, கிரேடிங்ல பிடிச்சிருவாங்க.

பழைய_பேப்பர்காரன், நியூஜெர்சி

அந்த ஐடியா எனக்கும் வந்துச்சுங்க, பொய் சொல்லல.

அதே ஷோ இந்த வருஷமும் போன ஞாயித்துக்கிழம நடந்துச்சு. அதே ஓரம், அதே பெரியவர், அதே தொப்பி. என்ன அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார், 181 எப்படி இருக்குன்னு கேக்குறார். ஸ்டாம்ப் இல்லன்னேன். மூஞ்சி மாறும்னு எதிர்பாத்தேன், மாறல. "ஷன்னா படம் போட்ட ஸ்டாம்பா, 54ஆம் நம்பர்"னு சிரிச்சுட்டே ஃபோன எடுத்து ஃபோட்டோ காட்டுறார். மார்வெல் அப்ப குடுத்த ஸ்டாம்ப் புக், மொத்தம் நூறு கட்டம், பாதிக்கு மேல காலி. 54ல மட்டும் கோந்து வழிஞ்சு பழுப்பேறி, கொஞ்சம் சாய்வா ஒட்டி இருக்கு. அந்தக் கோணல் வெட்டு கீழ்ப்பக்கமா தெரியுது.

அப்ப தெரிஞ்சுதான எல்லாம் இருக்குன்னீங்கனு கேக்க வாயத் தொறந்தேன். அவரு என்னடான்னா பெரிசு பண்ணி பெரிசு பண்ணி காட்டுறார், அவரு அம்மா தையல் கத்திரிய எடுத்ததுக்கு அடி விழுந்துச்சாம்.

விப்பீங்களானு கேட்டுட்டேன். முந்நூறுன்னார். யோசிச்சு சொல்றேன்னு நம்பர் வாங்கிட்டு வந்திருக்கேன்.