வேப்பெண்ணெய்க் கருத்தடை: செக்கு வேறு, ஆய்வகம் வேறா?

தேவகோட்டை மருமகள்:
ஆடி மாதத்தில் எங்கள் வளவில் வேப்பங்கொட்டை காயும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி. பி. தல்வார் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண் எலிகளின் கருப்பைக்குள் ஒரே ஒரு முறை வேப்பெண்ணெய் செலுத்தியதும் 107 முதல் 180 நாள்வரை அவை கருத்தரிக்கவில்லை. பிறகு வழக்கம்போல் குட்டி ஈன்றன. சூலகத்தின் வேலையும் கெடவில்லை. முப்பது ஆண்டு கடந்தும் இது ஏன் பெண்கள் கைக்கு வரவில்லை?

கானாடுகாத்தான் மருந்தாளுநர்:
ஆச்சி, அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் சென்ற மாதம் ஒருவர் செக்கில் ஆட்டிய எண்ணெயைக் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து வைத்தால் ஆறு மாதம் கவலையில்லையா என்று கேட்டார். புட்டியின் அடியில் விரற்கடை உயரத்துக்குக் கசடு. அதோடு கிருமியும் கருப்பைக்குள் ஏறினால் கருக்குழாயே அடைபடலாம். அதற்கு மீட்சி ஏது? நம்மவர்கள் கொண்டுவிற்கப் போன மலேயாவில் கைக்குழந்தைகளுக்கு இதே எண்ணெயைப் புகட்டியதால் ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை அந்நாட்டு மருத்துவர்கள் 1981இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

தேவகோட்டை மருமகள்:
அண்ணே, கைவைத்தியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குழந்தைக்குப் புகட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. காப்பர் டி வைத்தபின் உதிரப்போக்கு தாங்காமல் எட்டாம் மாதமே எடுத்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியோ ஹார்மோன். இரண்டும் ஒத்துவராதவள் எங்கே போவாள்?

கானாடுகாத்தான் மருந்தாளுநர்:
உங்கள் குறை நியாயமானது. ஆயினும் 107க்கும் 180க்கும் நடுவே 73 நாள் இருக்கிறதே! கருப்பையின் உட்சுவரில் வெள்ளணுக்களைத் திரட்டி வேலை செய்வதாகக் கருதப்படும் எண்ணெய், எந்த உடலில் எந்த நாளில் ஓயும் என்று யார் சொல்வது? எலிக்கு அது வெறும் எண். பெண்ணுக்கோ எதிர்பாராத பிள்ளை. காப்பர் டி 380ஏ என்றால் பத்து ஆண்டு என்று அட்டையிலேயே நாள் குறித்துக் கொடுக்கிறார்கள்.

தேவகோட்டை மருமகள்:
அந்த 73 நாளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதைச் சுருக்க வேண்டுமானால், எண்ணெயின் எந்தக் கூறு வேலை செய்கிறது என்று பிரித்தறிந்து, அளவு கட்டி, மனிதரிடம் முறையாகச் சோதிக்க வேண்டுமல்லவா? நான் கேட்பது அதைத்தான். அதுவரை புட்டியோடு வருபவர்களைத் திருப்பி அனுப்புங்கள். எங்கள் மாமியாரே வந்தாலும்தான்.