பெரிய மலையா, சின்ன ஊரா? எங்கள் முதல் இரண்டு ஸ்கீ விடுமுறைகள்

பெர்னிலிருந்து:

மகள் ஆறாம் வகுப்பில் ஸ்கீலாகர், அதாவது பள்ளிக்கூட ஸ்கீ முகாம், போய்வந்ததில் தொடங்கியது எல்லாம். ஐந்து நாளில் சறுக்கப் பழகிக்கொண்டு வந்து, "எல்லாரும் குடும்பத்தோடு போகினம், நாங்கள் மட்டும் ஏன் போறேல்லை?" என்று ஒரே நச்சரிப்பு. நானும் கணவரும் சுவிஸுக்கு வந்து இருபது வருடம். வாசலில் கிடக்கிற ஸ்னோவை வழித்துத் தள்ளுவதைத் தவிர எங்களுக்கு அதனோடு வேறு சகவாசம் கிடையாது.

முதல் வருடம் செர்மாட் போனோம். காரணம் டொப்லரோன் சொக்லேட். ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கிக் கட்டுகிறோமே, அதில் இருந்த மாட்டர்ஹோர்ன் மலையை நேரில் பார்த்துவிடுவோம் என்று. (இப்போது பெட்டியில் அந்த மலை இல்லை. தயாரிப்பில் ஒரு பகுதி ஸ்லோவாக்கியாவுக்குப் போனதால் சுவிஸ் சட்டப்படி 2023இல் எடுத்துவிட்டார்கள்.)

செர்மாட்டையும் இத்தாலிப் பக்கத்துச் செர்வீனியாவையும் சேர்த்தால் சறுக்குப்பாதை 360 கிலோமீட்டர். அதில் நாங்கள் பாவித்தது இருநூறு மீட்டர் இருக்கும். பழகுகிறவர்களுக்கான இடம் ஊருக்குள் இல்லை, 2,288 மீட்டரில் சுன்னெக்காவில் இருக்கிறது. நாங்கள் எடுத்த வீடோ ஊரின் மற்ற அந்தத்தில். காலையில் நான்கு பேரின் ஸ்கீயையும் இரண்டு பேர் தோளில் சுமந்துகொண்டு, கல்லுப் போன்ற சப்பாத்தோடு தெரு முழுக்க நடந்து, பிறகு மலைக்குள் குடைந்த சுரங்க ரயிலுக்கு வரிசை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஆறு வயது மகன் சொன்னான், "அம்மா, ஒண்டுக்கு வருது." கையுறை, ஹெல்மெட், ஜாக்கெட், தோள்பட்டி வைத்த காற்சட்டை, அதற்குள்ளே இன்னொன்று. எல்லாம் கழற்றி முடிய அவனுக்கு அவசரம் போய்விட்டது. திரும்பப் போட்டதும் வந்துவிட்டது.

மகள் எனக்கு வாத்தியார். "பிட்சா, அம்மா, பிட்சா!" என்று கத்துவாள். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்னால் அகட்டினால் பிட்சாத் துண்டு மாதிரி, வேகம் குறையும். நேராக வைத்தால் பொம்ஸ், உருளைக்கிழங்குப் பொரியல். நான் பொம்ஸாகவே போய் வலையில் விழுந்தேன்.

அந்தப் பயணத்தில் உண்மையாகச் சந்தோஷப்பட்டவர் மாமி ஒருவர்தான். கோர்னர்கிராட் ரயிலில் 3,089 மீட்டருக்கு ஏறி, மலையைப் பின்னால் விட்டு வாட்ஸ்அப்பில் யாழ்ப்பாணத்துக்கு எடுத்து அரை மணி நேரம் கதைத்தார். ஸ்கீ போடாதவர்கள் கூட வருகிறார்கள் என்றால் பெரிய இடம் நல்லது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வருடம் மூரன் என்ற சின்ன ஊர். லவுட்டர்புருன்னனில் இருந்து தொங்கு ரயிலில் குருட்ச்அல்ப், அங்கிருந்து சின்ன ரயில். ஜன்னலில் ஐகர், மொன்ஷ், யுங்ஃபிரவ் என்ற மூன்று சிகரங்களும் கூடவே வரும். நிரந்தரமாக இருப்பவர்கள் நானூற்றைம்பது பேர் அளவில்தான். குழந்தைகள் பழகும் சரிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது. நான் வாங்கில் இருந்து ஆறிப்போன மீன் ரோல்ஸ் சாப்பிட்டபடி மகன் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் கோப் கடையில் அவனுடைய ஸ்கீ ஆசிரியர் பால் வாங்கிக்கொண்டு நின்றார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதோடு அவனுக்குப் பயம் போயிற்று.

ஆனால் சின்ன ஊர் என்றால் சுலபமான மலை என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன். மூரனில் நீலப்பாதை, அதாவது சுலபமான பாதை, குறைவு, மேலே எல்லாம் செங்குத்து. 1922இல் ஆர்னல்ட் லன் என்ற ஆங்கிலேயர் முதல் நவீன ஸ்லாலம் போட்டி (கொடிகளுக்கிடையில் வளைந்து வளைந்து சறுக்குவது) வைத்தது இங்கேதான். மேலே ஷில்ட்ஹோர்ன் சிகரத்துப் பக்கம் இருந்து இறங்கும் இன்ஃபெர்னோ போட்டி 1928இல் தொடங்கியது. அப்படிப்பட்ட மலையில் என் மகள் நீலத்தைவிடக் கடினமான ஒரு சிவப்புப் பாதையின் நடுவில் நின்று அழுதாள், பிறகு ஸ்கீயைக் கழற்றிவிட்டு இருந்தபடியே இறங்கினாள். அடுத்த நாள் மூடுபனி. எதுவும் தெரியவில்லை, நீச்சல் குளத்துக்குப் போனோம்.

இப்போது இடம் தேடும்போது மொத்தக் கிலோமீட்டரை நான் பார்ப்பதேயில்லை. வரைபடத்தில் நீலக்கோடு எத்தனை, பழகும் இடம் வீட்டு வாசலில் இருந்து எவ்வளவு தூரம், இந்த இரண்டும்தான்.

லூசேர்னிலிருந்து:

செர்மாட் பற்றி ஒன்று. இத்தாலியும் சேர்த்த லிஃப்ட் பாஸ் எடுப்பவர்கள் காற்றைப் பார்த்துப் போங்கள். நாங்கள் ஐந்து பேர் போனோம். ஒருவருக்கு எஃப் விசா (தற்காலிகமாக இருக்கக் கொடுப்பது), வெளிநாடு போக முன் அனுமதி வேண்டும். மேலே எல்லையில் வேலியும் இல்லை, பொலிசும் இல்லை. என்றாலும் அவர் சுவிஸ் பாஸோடு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். நாங்கள் நாலு பேர் கோப்பி குடிக்க அந்தப் பக்கம் இறங்கினோம். காற்றுப் பலத்து லிஃப்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ரோட்டால் திரும்புவது என்றால் மலைத்தொடரையே சுற்றி வரவேண்டும், மணிக்கணக்கு. இரவு அங்கேயே தங்கினோம். அவர் எங்களுடைய ஐந்து பைகளோடு செர்மாட்டில். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

பியலிலிருந்து:

நான் ஸ்கீ போட்டதே இல்லை. பன்னிரண்டு சீசன் மலைமேல் குசினியில் வேலை. முதலில் ஒரு பெரிய ரிசார்ட், பிறகு ஒரு சின்ன ஊர். பெரிய இடத்தில் முதலாளியை நான் கண்டதே கிடையாது. சின்ன ஊரில் முதலாளி அம்மா பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினா. நான் இருக்கிறேன் என்பதற்காகச் சனிக்கிழமை ஊழியர் சாப்பாட்டில் மிளகாய்த்தூள் கூடப் போடவும் பழகிக்கொண்டா.

உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு இடத்துக்கும் பொருந்தும். பெப்ரவரி விடுமுறையில் பதினொன்றரைக்குள் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணிக்குப் பிறகு வாருங்கள். பன்னிரண்டரைக்கு வந்து சூப்புக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். உள்ளே நாங்கள் நாலு பேர்தான்.