நாற்பது விழுக்காடு: பிலிப்பைன்ஸ் மதுக்கூடங்கள் பற்றிய வாதம்

நெய்தல்:
"ஏஞ்சலஸ் நகரத்தில் நடப்பது வயது வந்தோரின் இரவுக் கேளிக்கை; அதைப் பாலியல் சுற்றுலா என்று சொல்வது ஒரு நாட்டையே இழிவுபடுத்துவதாகும்" என்று கடலோடி வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மணிலாவுக்கு வடக்கே கிளார்க் என்ற அமெரிக்க விமானத் தளத்தை ஒட்டி வளர்ந்தது அந்த நகரத்தின் மதுக்கூடத் தெருவான ஃபீல்ட்ஸ் அவென்யூ. 1991 ஜூனில் அருகிலுள்ள பினடுபோ எரிமலை வெடித்தது. செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் அமெரிக்காவுடனான புதிய தள ஒப்பந்தத்தை 12க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. நவம்பரில் அமெரிக்கப் படை கிளார்க்கை விட்டு வெளியேறியது. ஆனால் படைவீரர்களை நம்பித் திறக்கப்பட்ட மதுக்கூடங்கள் சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு, அடுத்து வந்த சுற்றுலாப் பயணிகளுக்காக மீண்டும் திறந்துகொண்டன. சீருடைக்காரர் போய்ச் சுற்றுலா விசாக்காரர் வந்தார் என்பதைத் தவிர அந்தத் தெருவில் எதுவும் மாறவில்லை. 2011 செப்டம்பரில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹாரி தாமஸ், ஆள்கடத்தல் பற்றிய ஒரு கூட்டத்தில், அந்நாட்டுக்கு வரும் வெளிநாட்டு ஆண்களில் 40 விழுக்காட்டினர் பாலுறவுக்காகவே வருகிறார்கள் என்றும், அவர்களில் தம் நாட்டவரும் இருப்பதில் தமக்குப் பெருமையில்லை என்றும் சொன்னார். பத்தில் நான்கு பேர். இதையும் கேளிக்கை என்றுதான் சொல்லப்போகிறீர்களா, கடலோடி?

கணக்காயர்:
நெய்தல் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டார். அந்தத் தூதர் அக்டோபர் முதல் வாரத்திலேயே பிலிப்பைன்ஸ் வெளியுறவுச் செயலர் ஆல்பர்ட் டெல் ரொசாரியோவுக்குச் செய்தி அனுப்பி, உறுதிப்படுத்த முடியாத அந்த 40 விழுக்காட்டைத் தாம் சொல்லியிருக்கக் கூடாது என்று வருத்தம் தெரிவித்தார். சொன்னவரே கைவிட்ட எண்ணை இத்தனை ஆண்டு கழித்து எடுத்து வீசுவது எந்த வகை நேர்மை? அதே 2011இல் அந்நாட்டுக்கு ஏறத்தாழ 39 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் தென்கொரியர்களே அதிகம். அவர்களுக்கு அடுத்து அமெரிக்கர்கள். அந்த அமெரிக்கர்களில் எத்தனை பேர் அம்மாவையும் பாட்டியையும் பார்க்க வந்த பிலிப்பினோ வம்சாவளியினர் என்று யோசித்தீர்களா? அவர்களைப் 'பாலிக்பயான்' என்று அழைத்து, ஓராண்டு வரை விசா இல்லாமல் தங்க அனுமதிப்பதற்கென்றே அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. பிறந்த மண்ணுக்கு வரும் அந்த ஆண்களையும் சேர்த்துத்தான் உங்கள் நாற்பது கறை பூசுகிறது. ஆதாரமில்லாத எண்ணைச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டவரை அறமற்றவராகக் காட்டுவது இவருடைய பழைய வழக்கம். சென்ற ஆண்டு தாய்லாந்து பற்றிய இழையிலும் இதைத்தான் செய்தார்.

கடலோடி:
பல ஆண்டுகள் பிலிப்பினோ மாலுமிகளோடு ஒரே கப்பலில் உழைத்தவன் நான். தங்கள் நாட்டின் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஓர் அரைச் சிரிப்பு தோன்றுவதைக் கண்டு அவர்கள் கூனிக் குறுகியதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை வளர்ப்பது உங்கள் நாற்பது விழுக்காடுதான். மேலும் அந்தப் பெண்கள் சிறு பிள்ளைகள் அல்லர். சமார், லெய்தே தீவுகளில் வயலும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருக்கும் ஒரு பெண், வெளிநாட்டில் வீட்டு வேலை, தொழிற்சாலை, மதுக்கூடம் என்ற மூன்றில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். வாடிக்கையாளரோடு வெளியே போக விருப்பமில்லையென்றால் மறுத்துவிடலாம். 'பார் ஃபைன்' என்பது ஒரு பணியாளர் அன்றிரவு வேலையில் இல்லாமல் போவதற்காக மதுக்கூடத்துக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் ஈடு மட்டுமே. உள்ளூர் மக்கள் வைத்துக்கொண்ட ஏற்பாட்டைத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பிட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

நெய்தல்:
முதலில் கணக்காயருக்கு. தூதர் எண்ணை நிரூபிக்க முடியாது என்றுதான் சொன்னார். அது பொய் என்று சொல்லவில்லை. எவராலும் நிரூபிக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். விமான நிலையத்தில் வருகைப் படிவத்தை நிரப்பும் எந்த ஆண் பயண நோக்கம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதுவான்? எண்ண முடியாதபடி அமைந்திருக்கும் ஒன்றை எண்ணிக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வேன் என்பது, அதைப் பற்றிப் பேசவே கூடாது என்பதற்குச் சமம்.

இனி கடலோடிக்கு. ஈடு என்று எவ்வளவு மென்மையாகச் சொல்கிறீர்கள்! ஓர் உணவகத்தில் பரிமாறுபவரை இரவு முழுவதும் வெளியே அழைத்துப்போக, முதலாளியிடம் விலைப்பட்டியல் பார்த்துப் பணம் கட்டும் முறை உலகில் எங்காவது உண்டா? அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் அந்தப் பெண்ணின் கைக்கு வருகிறது. மீதி மதுக்கூடத்துக்கும், பெண்களை மேய்க்கும் மாமாசானுக்கும் போகிறது. வாடிக்கையாளரைத் தனக்கென எத்தனை 'லேடீஸ் டிரிங்க்' பானம் வாங்க வைத்தாள் என்ற கணக்கு, தாமதமாக வந்தால் பிடித்தம், ஊரிலிருந்து வரும்போது வாங்கிய முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கழுத்தில் ஏறிய பிறகு, மறுக்கும் உரிமை பெயரளவில்தான் இருக்கும். சுகாதார அட்டையை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அந்தப் பெண்கள் நகராட்சியின் சுகாதார நிலையத்துக்குத் தவறாமல் போய்ப் பரிசோதித்துக்கொண்டு, அட்டையில் முத்திரை பெற்றால்தான் வேலையில் நிற்கலாம். அவளோடு போகும் ஆணுக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை, எந்த அட்டையும் இல்லை. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது? விபச்சாரம் சட்டவிரோதம் என்று எழுதிவைத்திருக்கும் நாட்டில், வாடிக்கையாளருக்கு நோயற்ற பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காக நகராட்சியே முத்திரை குத்துகிறது. உங்கள் மாலுமி நண்பர்களின் முகத்தைக் கவிழச் செய்தது இந்த ஏற்பாடுதான். அதைச் சுட்டிக்காட்டியவள் மீது ஏன் பாய்கிறீர்கள்?

கணக்காயர்:
இத்தனை வரிகளில் 40 விழுக்காட்டுக்கு ஒரு சான்றுகூட இல்லை. நிரூபிக்க முடியாததைச் சொல்லக் கூடாது என்று அந்தத் தூதருக்கே இரண்டு வாரத்தில் புரிந்துவிட்டது.

தமிழ்நிலவன்:
எண்ணைப் பற்றிச் சண்டையிடுவதைவிட, செய்து காட்டியவரைப் பற்றிப் பேசலாமே. மணிலாவின் எர்மிட்டா பகுதி ஒரு காலத்தில் வெளிநாட்டு ஆண்களின் இரவுச் சந்தையாக இருந்தது. 1992இல் மேயரான ஆல்ஃபிரடோ லிம், எர்மிட்டாவிலும் அதை ஒட்டிய மலாத்தேயிலும் இத்தகைய விடுதிகளுக்கு இடமில்லை என்று 1993இல் நகராட்சி ஆணையே கொண்டுவந்து அவற்றை மூடினார். துணிவுள்ள ஓர் ஆள் போதும் என்பதற்கு அவரே சாட்சி. ஏஞ்சலஸுக்கும் அப்படி ஒருவர் தேவை.

கடலோடி:
தமிழ்நிலவன் எதையும் முழுமையாகப் படிப்பதில்லை என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். அந்த ஆணை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2005இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமே தள்ளுபடி செய்தது. அதற்கு முன்பே எர்மிட்டாவின் மதுக்கூட முதலாளிகள் மணிலாவை ஒட்டிய பசாய்க்கும் ஏஞ்சலஸுக்கும் கடையை மாற்றிவிட்டார்கள். உங்கள் துணிவுள்ள மேயர் செய்த ஒரே காரியம், பெண்களைத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குத் துரத்தியதுதான்.

தமிழ்நிலவன்:
நீதிமன்றம் தள்ளுபடி செய்தது ஆணையின் வடிவத்தை. அதன் நோக்கத்தை அன்று. பொதுவெளியில் என்னைப் படிக்காதவன் என்று எழுதுவது கடலோடிக்கு இது முதல் முறையும் அன்று. நிர்வாகம் இதைக் கவனிக்க வேண்டும்.

நெய்தல்:
உங்கள் இருவரின் பழைய பகையைத் தனி இழையில் தீர்த்துக்கொள்ளுங்கள். லிம் மூடியதும் நீதிமன்றம் திறந்ததும் பெண்ணைச் சுற்றி நடந்தவையே. இரண்டிலும் பணம் கொடுத்த ஆண் தொடப்படவே இல்லை. நான் சொல்ல வருவது அதைத்தான். அந்நாட்டின் 1930ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 202ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வேலையின்றித் திரிவோரையும் விபச்சாரத்தில் ஈடுபடும் பெண்களையும் அது ஒன்றாகவே தண்டித்தது. 2012இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது வேலையின்றித் திரிவதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பெண்ணை மட்டும் அங்கேயே விட்டுவைத்தார்கள். 2003இல் வந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டமோ, கடத்தப்பட்ட பெண்ணை விலைக்கு வாங்கி முதல்முறை பிடிபட்டவனுக்கு ஆறு மாதச் சமூகப் பணியும் 50,000 பெசோ அபராதமும் போதும் என்றது; முதல் குற்றத்துக்கே சிறை என்பது 2012 திருத்தத்தில்தான் வந்தது. பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 12 என்று இருந்ததை 16 ஆக உயர்த்த அந்நாட்டுக்கு 2022 வரை ஆயிற்று. அத்தனை ஆண்டுகளும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவன், எந்த நாட்டின் சட்டம் தனக்கு வசதி என்று தெரிந்தே வந்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். கழிவுநீர் கடலில் கலக்கிறது என்பதற்காக, 2018 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம் போராகாய் தீவையே சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது அரசு. நாட்டின் புகழ்பெற்ற கடற்கரையை, ஆயிரக்கணக்கானோரின் வேலையைப் பொருட்படுத்தாமல் மூட முடிந்தது. அதாவது, சுற்றுலா வருவாய் போய்விடுமே என்ற அச்சம் அரசின் கையை எப்போதும் கட்டிப்போடுவதில்லை. கடல்நீருக்காகக் கட்டாத கை, சமாரிலிருந்து வந்த பெண்ணுக்காக மட்டும் ஏன் கட்டப்படுகிறது? கணக்காயர் இதற்கு விடை சொல்லட்டும். 40 என்பது தவறு என்றால் சரியான எண்ணை அவரே சொல்லட்டும்: முப்பதா, இருபதா, பத்தா? பத்து என்று வைத்துக்கொண்டாலும் அவர் நிம்மதியாகத் தூங்குவாரா?

கணக்காயர்:
எண்ணைக் கொண்டுவந்தவர் நீங்கள். அதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. என்னிடம் மாற்று எண் கேட்பது வாதத்திலிருந்து நழுவும் வழி. போராகாயைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆள்கடத்தலைத் தடுக்கும் முயற்சியில் 2016 முதல் பிலிப்பைன்ஸ் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆண்டறிக்கையில் மிக உயர்ந்த தரமான முதல் நிலையில் வைக்கப்பட்டிருப்பதை மட்டும் ஏன் எழுதவில்லை? அதை எழுதினால் உங்கள் சித்திரம் கலைந்துவிடும். பாடுபட்டு முன்னேறிய ஒரு நாட்டைப் பழைய, ஆதாரமற்ற, கைவிடப்பட்ட 40 விழுக்காட்டின் நிழலிலேயே நிறுத்திவைக்க விரும்புகிறீர்கள்.

கடலோடி:
அருமையாகச் சொன்னீர்கள், கணக்காயர். ஃபீல்ட்ஸ் அவென்யூ மூடப்பட்டால் அங்கே துணி துவைப்பவரும், முச்சக்கர வண்டி ஓட்டுபவரும், இரவு உணவு விற்பவரும் அடுத்த நாள் எதைத் தின்பார்கள் என்று நெய்தல் ஒரு வரியாவது எழுதினாரா? பசியைப் பற்றிப் பேசாமல் மானத்தைப் பற்றி மட்டும் பேசுவது வயிறு நிறைந்தவர்களுக்கு எளிது.

நெய்தல்:
வாஷிங்டனிலிருந்து வரும் முதல் நிலைச் சான்றிதழ் கணக்காயருக்கு வேதமாகிறது. அதே வாஷிங்டன் அனுப்பிய தூதரின் 40 மட்டும் கறையாகிறது. இரண்டும் ஒரே துறையிலிருந்து வந்தவை. வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை எறிகிறவர் எனக்கு நேர்மையைக் கற்றுத்தர வேண்டாம்.

கடலோடி பசியைச் சொல்கிறார். பசியைத்தான் நானும் சொல்கிறேன். அந்தப் பசி இல்லையென்றால் ஒரு மதுக்கூடமும் அங்கே நடக்காது. மண்ணின் உரிமை வெளிநாட்டவருக்குக் கிடையாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாட்டில், உள்ளூர் மனைவியின் பெயரிலோ கூட்டாளியின் பெயரிலோ விடுதியை நடத்தும் வெளிநாட்டு முதலாளிகள் இருக்கிறார்கள். லாபத்தின் பெரும்பகுதி எங்கே போகிறது என்று அந்தத் துணி துவைப்பவரைக் கேளுங்கள். சூபிக்கில் அமெரிக்கக் கடற்படைத் தளம் 1992இல் மூடப்பட்டபோதும் இதே பசிக் கதையைத்தான் சொன்னார்கள். அந்த இடம் தொழில் மண்டலமாக மாறி, அதை ஒட்டிய ஒலோங்காப்போ நகர மக்கள் அங்கே வேறு வேலைகளுக்குப் போனார்கள். சூபிக்கில் முடிந்தது ஏஞ்சலஸில் ஏன் முடியாது?

கடலோடி:
ஒலோங்காப்போவில் மதுக்கூடங்கள் அடியோடு ஒழிந்துவிட்டனவா? அந்நகரைச் சேர்ந்த பாரியோ பாரெத்தோவின் கடற்கரைச் சாலையை நெய்தல் பார்த்ததே இல்லை என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. நான் கரையிறங்கி நடந்த தெரு அது.

நெய்தல்:
ஒழிந்துவிட்டன என்று நான் எழுதவில்லை. வேறு வேலை வந்தது என்று எழுதினேன். நீங்கள் எதற்காகக் கரையிறங்கி நடந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நிலவன்:
என் புகாருக்கு நிர்வாகம் இன்னும் விடை அளிக்கவில்லை.

கணக்காயர்:
நெய்தலின் ஒப்பீடு தவறு. ஆண்டறிக்கை என்பது எவரும் எடுத்துப் படித்து மறுக்கக்கூடிய அச்சிட்ட ஆவணம். 40 விழுக்காடு என்பது ஒரு மேடையில் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டு வருந்திய வாக்கியம். இரண்டும் ஒன்றல்ல. இந்த இழையில் எவர் எத்தனை பக்கம் எழுதினாலும், அந்த எண்ணுக்கு ஆதாரம் வரும்வரை நான் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நெய்தல்:
கேளுங்கள். நானும் சுகாதார அட்டையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அத்தனை விரிவாக எழுதியும் உங்களில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை.