சோலர் தகட்டை நேரே கீசருக்குக் குடுக்கலாமா?

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு முழங்கால் வலி. முந்தி கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு கிணத்துத் தண்ணியும் வார்ப்பன். இப்ப பஸ் ஏற ஏலாது, வீட்டிலதான் பின்னேரம் சுடுதண்ணி. கீசர் 50 லீற்றர், 1500 வாட். தம்பி தன்ட கூரையால கழட்டின 400 வாட் தகடு ரெண்டு சும்மா தந்திருக்கிறான். இன்வேட்டர், பற்றரி இல்லாமல் நேரே குடுத்தால் தண்ணி சுடுமா?

கடலோரம்:
அக்கா, தகடு வெயிலில ஏறக்குறைய ஐஞ்சில ஒரு பங்கைத்தான் கரண்ட் ஆக்கும். கண்ணாடிக் குழாய் சோலர் ஹீற்றர் பாதிக்கு மேல பிடிக்கும். அதைப் பாருங்க.

நிலாவெளி வயர்மன்:
தகடு சும்மா கிடைச்சிருக்கு, அதை விடாதீங்க பிள்ளை. ஆனால் கீசருக்குள்ள தண்ணியைச் சுடவைக்கிற எலிமென்ட் சரிவராது. அது 230 வோல்ற்றுக்குச் செய்தது, தடை கிட்டத்தட்ட 35 ஓம். ரெண்டு தகட்டையும் தொடரா இணைச்சாலும் 60, 70 வோல்ற்றுதான் வரும். உச்சி வெயிலிலயும் 150 வாட் அளவுதான் இழுக்கும். தகட்டால வாறது டிசி, ஒரே திசையில ஓடுற கரண்ட். அதுக்கு 5 ஓம் அளவில டிசி எலிமென்ட் ஒண்டு வாங்குங்க.

அதைவிட முக்கியம் தெர்மோஸ்டற், தண்ணி சுட்டதும் கரண்டை வெட்டுற சுவிட்ச். என்ட வீட்டில சாதாரண ஏசி தெர்மோஸ்டற்றை டிசி லைனில போட்டன். மூண்டாம் நாள் மத்தியானம் அழுத்தம் விடுற வால்வால ஆவி சீறுது. தெர்மோஸ்டற்றைக் கழட்டிப் பார்த்தால் உள்ளுக்குள்ள ரெண்டு செப்புப் புள்ளியும் உருகி ஒட்டிக் கறுத்துப்போய்க் கிடக்கு. வீட்டு லைனில வாற ஏசி கரண்ட் செக்கனுக்கு 100 தரம் சைபருக்கு வரும், அதால சுவிட்ச் வெட்டேக்க வாற பொறி அணையும். டிசியில அணையாது. வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தது, இப்பவும் நினைச்சால் நெஞ்சு பதறுது. தெர்மோஸ்டற் டிசி ரிலே (கரண்டால இயங்கிற சுவிட்ச்) ஒண்டை மட்டும் இயக்கட்டும், எலிமென்டின்ட கரண்டை அந்த ரிலேதான் வெட்டவேணும். பிரேக்கரும் டிசிக்கு எண்டு கேட்டு வாங்குங்க. வால்வை ஒருநாளும் அடைக்காதீங்க.

உப்புவெளி மகள்:
நல்லகாலம் கேட்டது, ஐயா. மழைக்கு என்ன செய்யிறது?

நிலாவெளி வயர்மன்:
கீசரைக் கழட்டாதீங்க. சோலருக்குத் தனித் தாங்கி வைச்சு, அதால வாற தண்ணியைக் கீசருக்குள்ள விடுங்க. 50 லீற்றரை 28 பாகையிலிருந்து 45க்கு ஏத்த ஒரு யூனிற் போதும். நல்ல வெயிலுக்கு ரெண்டு மணித்தியாலம். கார்த்திகை, மார்கழியில வெதுவெதுப்பாத்தான் வரும், மிச்சத்தைக் கீசர் பாக்கட்டும். ஆணியெல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீல். உப்புவெளிக் காத்துக்கு மற்றது நிக்காது.

உப்புவெளி மகள்:
சரி ஐயா. எலிமென்ட் வாங்கினதும் படம் போடுறன், பூட்ட முதல் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க.