மறு: ‘துப்பறியும் சாகச விளையாட்டு’: சாகசம் எதற்கு?

வணக்கம். கையடக்கக் கருவிகளில் ஆடும் ‘கேஷுவல் டிடெக்டிவ் அட்வென்ச்சர்’ வகை விளையாட்டுகளுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில், நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘துப்பறியும் சாகச விளையாட்டு’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சாகசம் என்றதும் மலையேற்றமும் கத்திச்சண்டையும்தான் மனத்தில் ஓடும். ‘அட்வென்ச்சர்’ என்ற பெயர் இந்த வகைக்கு வீரத்தால் வரவில்லை. 1970களின் நடுவில் வில் குரோதர் என்ற நிரலாளர் எழுதிய, படமே இல்லாமல் எழுத்தாலேயே ஆடும் குகை விளையாட்டின் பெயர் அது. அதைப் பார்த்து வந்தவற்றுக்கெல்லாம் அதுவே ஒட்டிக்கொண்டது. ஒருவர் தம் பிள்ளைக்கு வைத்த பெயரை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

என் அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். போன விடுமுறையில் என் பழைய நிண்டெண்டோ டிஎஸ்ஸில் (மேலும் கீழுமாக இரண்டு திரை கொண்ட, மடித்து வைக்கும் கையடக்கக் கருவி) ‘பீனிக்ஸ் ரைட்: ஏஸ் அட்டர்னி’ என்ற வழக்கறிஞர் விளையாட்டை ஆட உட்கார்ந்தாள். முதல் வழக்கு. பிணத்தைப் பார்த்தபோது மணி ஒன்று, டிவியில் கேட்டேன் என்கிறான் சாட்சி. வழக்குப் பதிவேட்டில் அந்நேரம் மின்தடை என்று ஒரு தாள் இருக்கிறது. இவள் கீழ்த்திரையில் அதைத் தேடி எடுத்துவிட்டு, “மாமா, கரண்ட் இல்லாதப்ப டிவி எப்படி ஓடும்? துப்பு கெடச்சிருச்சு!” என்று துள்ளினாள். சொல் அவள் வாயிலேயே இருக்கிறது. துப்பு அறிவதுதான் இங்கே ஆட்டம். ஆகவே துப்பறியாட்டம். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. சீட்டாட்டம், ஆடுபுலியாட்டம் என்று புழங்கும் நாவுக்கு இது உறுத்தாது.

> வள்ளுவரே ‘ஒற்றாடல்’ என்று தந்திருக்கிறார். ‘ஆடல்’ வேறு அதிலேயே இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்தது உண்மை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது அந்த அதிகாரம். சாட்சியத்தைச் சான்றோடு மோதவிடும் இந்த விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தம் ஏது! ஆனால் அதே அதிகாரத்தில் ஒற்றன் துறவி வேடத்திலும் திரிகிறான். அவன் அரசனின் ஆள், மறைந்து வாழ்பவன். வழக்கறிஞர் பீனிக்ஸ் ரைட்டோ நீதிமன்றத்தின் நடுவில் விரல் நீட்டிக் கத்துகிறார். இன்னொரு துப்பறியும் புதிர் விளையாட்டின் நாயகரான பேராசிரியர் லேட்டன் அந்த நெடுந்தொப்பியோடு எங்கே ஒளிவது? உளவாளி விளையாட்டுகளுக்கு ‘ஒற்றாடல்’ காத்திருக்கட்டும்.

அடுத்தது ‘கேஷுவல்’, அதாவது அவசரமில்லாமல் ஓய்வாக ஆடுவது. ‘சாதாரண’ என்றால் மட்டம் தட்டுவதுபோல் இருக்கிறது. ‘எளிய’ என்பதும் சரியில்லை: 2007இல் ஜப்பானில் வந்த முதல் லேட்டன் விளையாட்டின் புதிர்களில் சில என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஆனால் கடிகாரம் துரத்தாது. விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கும் குறிப்பு நாணயம் கொடுத்தால் ஒரு புதிருக்கு மூன்று குறிப்புவரை வாங்கலாம். அடுப்பில் பால் பொங்கினால் டிஎஸ்ஸை மடித்து வைத்துவிட்டுப் போகலாம். திறந்தால் விட்ட இடத்தில் நிற்கும். நேரம்தான் இங்கே இலகு, மூளைக்கு வேலை குறைவில்லை. இதற்கு நம்மிடம் ‘ஆற அமர’ என்று எவ்வளவு அழகான வழக்கு இருக்கிறது! ஆறமர் ஆட்டம் என்கிறேன். இரண்டையும் சேர்த்தால் ஆறமர் துப்பறியாட்டம். நீளம்தான்; பேச்சில் முன்பாதி உதிர்ந்துபோனாலும் குற்றமில்லை.

டிஎஸ் போன்ற கருவிக்குக் ‘கையடக்க ஆட்டக்கருவி’ போதும். அதில் சண்டை வேண்டாம்.

ஒன்று மிச்சம்: ஸ்டைலஸ், டிஎஸ்ஸின் தொடுதிரையைத் தொடும் கோல். ‘எழுத்தாணி’ என்று முன்பு முடிவானதை மறுபடி எடுக்கக் கேட்கிறேன். ஏஸ் அட்டர்னி 2001இல், டிஎஸ்ஸுக்கு முந்தைய கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸில் வந்தபோது நான்கு வழக்குகள்தாம். 2005இல் டிஎஸ்ஸுக்கு வந்தபோது ஐந்தாவதைச் சேர்த்தார்கள். அதில் விரல்ரேகை எடுக்க வேண்டும். கோலால் தொட்டுத் தொட்டுப் பொடி தூவி, ஒலிவாங்கியில் ஊதினால் பொடி பறந்து ரேகை துலங்கும். அங்கே யாரும் எதையும் எழுதுவதில்லை, கீறுவதுமில்லை. கண்ணீரை ஒற்றுகிறோமே, அந்த ஒற்றல். நம் ஒத்தடத்துக்கு மூலமான அதே ஒற்றல்.

ஒற்றுகோல் என்று பட்டியலில் சேர்க்கலாமா?

அன்புடன்.